முடிப்பாசி: நைட்ரேட் 0, பாஸ்பேட் 0.02, ஆனாலும் கல் தெரியாத அளவுக்குப் பச்சை

மூன்றடித்தொட்டி (வேளச்சேரி):

வணக்கம். ஏழு மாத ரீஃப் டேங்க் (பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி). 3×1.5×1.5 அடி, கீழே சம்ப் (வடிகட்டும் சாதனங்கள் வைக்கும் துணைத் தொட்டி). கல், மணல் போக மொத்தம் சுமார் 200 லிட்டர் தண்ணீர். டிரை ராக் (உயிர்கள் ஒட்டாத உலர்ந்த கல்) 18 கிலோ. மீன்கள்: க்ளவுன் 2, ஃபயர்ஃபிஷ் 1, டாம்செல் 1. பவளம் என்று பார்த்தால் ஜோவா, மஷ்ரூம், ஒரு டோட்ஸ்டூல் லெதர், அவ்வளவுதான்.

வெப்பம் 27, உப்பு (ஒப்படர்த்தி) 1.025, கே.எச். (காரத்தன்மை) 8.5. நைட்ரேட் சாலிஃபெர்ட் டெஸ்ட் கிட்டில் 0. பாஸ்பேட் ஹன்னா மீட்டரில் (எச்.ஐ.774) 0.02. எல்.ஈ.டி. லைட் தினம் 10 மணி நேரம், வெள்ளை 60 சதவீதம். ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) ஓடுகிறது. காலையில் பெல்லட், மாலையில் மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர், உறைய வைத்தது) ஒரு க்யூப். தண்ணீர் வீட்டு ஆர்.ஓ. மெஷினிலிருந்து, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 62. வாரம் 20 லிட்டர் மாற்றுகிறேன். ஆவியாவதற்கு ஈடாகத் தினம் 4 லிட்டர் அதே தண்ணீர்.

மூன்றாவது மாதத்திலிருந்து கல்லெல்லாம் பச்சை முடி, 3-4 செ.மீ. நீளம். பிடுங்கினால் பத்தே நாளில் திரும்பி வந்துவிடுகிறது. வலது ஓரக் கல்லில் இருப்பது மட்டும் கரும்பச்சை, இறகு மாதிரி. நாலாம் மாதம் பாசி தின்ன டர்போ நத்தை 8 விட்டேன், இரண்டு வாரத்தில் எல்லா நத்தையும் செத்துவிட்டது. ஆறாம் மாதம் மறுபடி 8, அதே கதை. போன மாதம் ஜி.எஃப்.ஓ. (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகள்) 200 கிராம் ரியாக்டரில் (தண்ணீரை மணிகள் வழியே ஓட்டும் குழாய்) போட்டேன். பாசி குறையவில்லை, மணல் மேல் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி ஒன்று புதிதாக வந்திருக்கிறது, சாயங்காலம் அதில் குமிழ் நிற்கிறது.

ஜி.எஃப்.ஓ.வைக் கூட்டவா? இல்லை ஃப்ளூகோனசோல் (பூஞ்சைக்கான மருந்து, பாசிக்கும் போடுகிறார்கள்) போட்டுவிடவா?

உப்புமூட்டை:

ஃப்ளூகோனசோல் தான் ப்ரோ. லிட்டருக்கு 5 மி.கி. கணக்கு. 200 லிட்டருக்கு 1000 மி.கி., அதாவது 150 மி.கி. மாத்திரை 7. பொடி பண்ணி டேங்க் தண்ணியில கலக்கி சம்ப்ல ஊத்துங்க. கார்பனை (கரி ஃபில்டர்) எடுத்துடுங்க, ஸ்கிம்மர் கப்பைக் கழட்டிடுங்க. 3 வாரம் தண்ணி மாத்தாதீங்க. முடிஞ்சது.

நண்டுவளை:

ஃப்ளூகோனசோலுக்குப் போவதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்கணும் சார். நீங்கள் எழுதியதில் பாசியைவிட எனக்கு உறுத்துவது அந்த 16 நத்தைகள்.

முதல் தடவை நத்தை செத்தபோது பழுப்புச் சளி இல்லை. ஆக, சளி மேல் பழி போட முடியாது. முடி இவ்வளவு இருக்கும் டேங்கில் பட்டினியாலும் சாகாது. மிச்சம் இரண்டு காரணம். ஒன்று, கடையில் பல இடங்களில் உப்பை 1.018-1.020-ல் வைத்திருப்பார்கள். அங்கிருந்து நேராக 1.025-ல் விட்டால் நத்தை ஒரு வாரம், பத்து நாள் இழுத்துக்கொண்டு கிடந்து சாகும். சொட்டு சொட்டாகக் குறைந்தது 2 மணி நேரம் பழக்க வேண்டும். இன்னொன்று உங்கள் ஆர்.ஓ. மெஷின். அதன் முன்பக்க ஸ்டிக்கரில் "காப்பர்" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். குடிநீரில் செம்பு சேர்க்க ஒரு கார்ட்ரிட்ஜ் வைத்து விற்கிறார்கள். மனுஷனுக்கு ஒன்றும் ஆகாத அளவே நத்தைக்கும் இறாலுக்கும் விஷம். தினம் 4 லிட்டர் என்றால் மாதம் 120 லிட்டர். தண்ணீர் ஆவியாகும், செம்பு ஆவியாகாது.

காப்பர் இல்லாவிட்டாலும் 62 என்பது நல்ல எண் இல்லை. வீட்டு மெஷினில் மெம்பிரேனைத் தாண்டி வரும் தண்ணீரோடு, ருசிக்காகக் கொஞ்சம் வெறும் தண்ணீரைக் கலக்கும் ஒரு சின்ன வால்வ் இருக்கும், டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்பார்கள். போர் தண்ணீரில் உள்ள நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் அந்த வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

இரண்டாவது, உங்கள் மீட்டர். எச்.ஐ.774-ன் பிழை வரம்பே கூட்டியோ குறைத்தோ 0.02. அப்படியென்றால் உங்கள் 0.02 பூஜ்யமாகவும் இருக்கலாம், 0.04-ஆகவும் இருக்கலாம். பொடியைக் கொட்டி 2 நிமிடம் விடாமல் குலுக்கி, குமிழ் அடங்கிய பிறகு, குப்பியை வெளியே துணியால் துடைத்து, 3 நிமிடக் கவுன்ட்டவுனில் வையுங்கள். கண்ணாடியில் ஒரு கைரேகை இருந்தாலே எண் ஏறும். மூன்று தடவை எடுத்து நடுவில் உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாறு_அலை:

நண்டுவளை சொன்னதோடு சேர்த்துப் படிக்கவும். கேள்வியிலேயே மூன்று வேறு உயிர்கள் இருக்கின்றன. மூன்றையும் "பாசி" என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால்தான் மருந்து தப்பாகிறது.

முதலாவது சாதாரண முடிப்பாசி, பெரும்பாலும் டெர்பேசியா வகை. இழை மெல்லியது, கிளை இருக்காது, விரலால் இழுத்தால் வந்துவிடும். இரண்டாவது ஓரக் கல்லில் உள்ள இறகு. அது பிரயோப்சிஸாக இருக்கும். ஒரு துணுக்கை வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு போட்டு லென்ஸில் பாருங்கள்: நடுவில் தண்டு, அதன் இரு பக்கமும் சீப்புப் பல் மாதிரி கிளைகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். மூன்றாவது மணல் மேல் உள்ள சளி. அது டைனோஃப்ளஜெல்லேட் (சுருக்கமாக டைனோ, ஒற்றைச் செல் நுண்ணுயிர்) என்று நினைக்கிறேன்.

சளிக்கு ஒரு சோதனை. ஒரு சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சி, மூடியுள்ள சின்ன பாட்டிலில் போட்டு, கட்டி உடையும் வரை நன்றாகக் குலுக்குங்கள். டிஷ்யூ பேப்பரை இரண்டாக மடித்து வடிகட்டி, வடிந்த தண்ணீரை லைட்டுக்கு அடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிவாகத் தெரிந்த தண்ணீரில் மறுபடி நூல் நூலாகத் திரண்டால் டைனோ. திரளாமல் கிடந்தால் டயட்டமோ (சிலிக்கா ஓடுள்ள ஒற்றைச் செல் பாசி) சயனோவோ (நீலப்பச்சை பாக்டீரியா). அதிகாலையில் மணல் சுத்தமாகவும் மதியத்துக்கு மேல் அழுக்காகவும் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள், டைனோவின் பழக்கம் அது.

டைனோ என்றால் காரணம் அந்த 200 கிராம் ஜி.எஃப்.ஓ. தான். லிட்டருக்கு 1 கிராம் என்பது முழு அளவு. அதையும் பாஸ்பேட் உயரமாக இருக்கும் டேங்கில் கால் பங்கில் ஆரம்பித்து வாரக்கணக்கில் ஏற்றுவார்கள். நைட்ரேட் 0 ஆன டேங்கில் பாஸ்பேட்டையும் துடைத்தெடுத்தால் மற்ற பாசியும் பாக்டீரியாவும் சோர்ந்துபோகும், காலியான இடத்தில் டைனோ பாய் விரித்து உட்காரும். இந்த நிலையில் ஜி.எஃப்.ஓ.வைக் கூட்டுவது நேர் எதிர்த் திசை. இன்றைக்கே ரியாக்டரை நிறுத்தலாம்.

முடிப்பாசி எப்படி 0-விலும் வளர்கிறது என்ற கேள்விக்கு: மீட்டர் அளப்பது தண்ணீரில் மிச்சமாக நிற்பதை. நீங்கள் தினமும் போடும் சாப்பாடு பாசியின் உடம்பில் சேர்ந்துவிடுகிறது, மிச்சம் இல்லை. போதாததற்கு டிரை ராக் என்பது கால்சியம் கார்பனேட், பாஸ்பேட்டைத் தன் மேற்பரப்பில் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடும். முடி வளர்வது அந்தக் கல் மேலேயே. கல்லிலிருந்து கசிவதைத் தண்ணீருக்கு வருவதற்கு முன்பே அது வாங்கிக்கொள்ளும். கடலடிப் பாசிகளில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் விகிதம் ஏறத்தாழ 550:30:1 என்று அட்கின்சன், ஸ்மித் இருவரும் 1983-ல் அளந்து எழுதினார்கள். ஒரு துளி பாஸ்பரஸை வைத்துக்கொண்டு அது எவ்வளவு முடி விடும் என்று பாருங்கள். பட்டினி போட்டு இதைக் கொல்ல நினைத்தால் முதலில் சுருங்குவது லெதரும் ஜோவாவும்.

ஃப்ளூகோனசோல் பற்றி: உப்புமூட்டையின் கணக்கு சரி. ஆனால் அது பிரயோப்சிஸுக்கும் பல முடிப்பாசிகளுக்கும் வேலை செய்யும், டைனோவுக்கும் சயனோவுக்கும் செய்யாது. 200 லிட்டரில் இவ்வளவு முடியை வைத்துக்கொண்டு மருந்து ஊற்றினால், அத்தனையும் ஒரே வாரத்தில் வெளுத்து அழுகும். இரவில் ஆக்சிஜன் விழும். சேர்த்து வைத்திருந்த சத்தெல்லாம் தண்ணீருக்குத் திரும்பும். வேர் வரை பிடுங்கிய பிறகு மிச்சத்துக்குத்தான் மருந்து.

கீட்டோ_பந்து:

அந்த ஆர்.ஓ. தலைவலியே வேண்டாம்னா பீச்ல கடல் தண்ணி பிடிச்சுக்கலாமே. ராமேஸ்வரம் பக்கம் லைவ் ராக்கும் (கடல்ல எடுத்த, உயிர்கள் ஒட்டின பவளக் கல்) கிடைக்குதாம், டிரை ராக்கை மாத்திட்டா பாதி பிரச்சினை போயிடும்.

நண்டுவளை:

ராமேஸ்வரம் கல் பேச்சை இதோடு விடுங்கள். கல் பவளம் எல்லாமே 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் 2001-லிருந்து இருக்கிறது, புலிக்கு உள்ள அதே அட்டவணை. மன்னார் வளைகுடா 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. "கிடைக்குதாம்" என்பவரிடம் வாங்கினாலும் குற்றம்தான்.

கடல் தண்ணீர் சரியான இடத்தில் எடுத்தால் நல்ல தண்ணீர்தான். ஆனால் கூவம் முகத்துவாரத்துக்கும் அடையாறு முகத்துவாரத்துக்கும் நடுவில் கரையில் நின்று குடத்தில் மொண்டால் அது சாக்கடை கலந்த உரத் தண்ணீர். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஆற்று வெள்ளம் கலந்து உப்பும் இறங்கிவிடும்.

மூன்றடித்தொட்டி:

எல்லாருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன்.

மெஷினில் "காப்பர்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. இத்தனை நாள் தினம் பார்க்கும் ஸ்டிக்கர். சளியை வடிகட்டி வைத்தேன், 40 நிமிடத்திலேயே நூல் நூலாகத் திரண்டது. இறகும் அப்படியே சீப்பு மாதிரிதான். பாஸ்பேட் மூன்று தடவை: 0.00, 0.02, 0.00.

ஜி.எஃப்.ஓ.வை நிறுத்திவிட்டேன். அடுத்து எந்த வரிசையில் போவது? சாப்பாட்டைக் குறைக்கவா?

அடையாறு_அலை:

சாப்பாட்டை இப்போது குறைக்க வேண்டாம். வழக்கமாகப் பாசி என்றாலே முதல் அறிவுரை அதுதான், ஆனால் உங்கள் டேங்கில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தரைதட்டிக் கிடக்கின்றன.

முதல் வாரம் முழுக்கக் கை வேலை. கழற்றி எடுக்க முடிகிற கற்களை, டேங்க் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டில் வைத்துத் தேயுங்கள். டேங்குக்குள் தேய்த்தால் ஒவ்வொரு துணுக்கும் இன்னொரு கல்லில் போய் ஒட்டும். பக்கெட் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். எடுக்க முடியாத கல்லுக்கு 8 மி.மீ. ட்யூப் ஒன்றின் நுனியில் கடினமான பல் துலக்கும் பிரஷ்ஷைக் கேபிள் டையால் கட்டிக்கொள்ளுங்கள். பிரஷ்ஷின் முடியும் ட்யூபின் வாயும் ஒரே மட்டத்தில் இருக்கணும். சைஃபன் ஓடும்போதே தேய்த்தால் பிய்ந்தது நேராக ட்யூபுக்குள் போகும். மறுமுனையைச் சம்பில் உள்ள ஃபில்டர் சாக்குக்குள் (வடிகட்டும் துணிப்பை) விட்டால் தண்ணீர் வீணாகாமல் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யலாம். முடித்ததும் சாக்கைக் கழற்றித் துவைத்துவிடுங்கள், மறுநாளுக்கு விடாதீர்கள்.

இறகுக் கல்லுக்கு மட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடு. மெடிக்கல் ஷாப்பில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவீதம், லேபிளைப் படியுங்கள். அதற்குச் சம அளவு சுத்தமான தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம். கல்லை வெளியே எடுத்து, பாசி மேல் மட்டும் சின்னத் தூரிகையால் தடவி 4-5 நிமிடம் விடுங்கள். நுரைத்துக்கொண்டு வெளுக்கும். தனி உப்புத் தண்ணீரில் அலசித் திரும்ப வையுங்கள். பவளத்தின் மேல் படக்கூடாது. க்ளீனர் ஷ்ரிம்ப் போன்ற இறால் இருக்கும் டேங்கில் நேரடியாக ஊற்றும் வேலையும் வேண்டாம், அதற்கு ஒத்துக்கொள்ளாது.

அதே வாரத்திலேயே நைட்ரேட்டை ஏற்றத் தொடங்குங்கள். பொட்டாசியம் நைட்ரேட், ஹைட்ரோபோனிக் கடையில் 13-0-45 என்று விற்பது. அதன் எடையில் 61 சதவீதம் நைட்ரேட். 33 கிராமை 1 லிட்டர் சுத்தத் தண்ணீரில் கரைத்தால், அதில் 10 மி.லி. உங்கள் 200 லிட்டரை 1 பி.பி.எம். (லிட்டருக்கு 1 மி.கி.) உயர்த்தும். தினம் 10 மி.லி. போட்டு, மூன்று நாளுக்கு ஒரு தடவை அளந்து, 5 பி.பி.எம்.மில் நிறுத்துங்கள். முதல் சில நாள் போட்டதெல்லாம் மாயமாகும், பயப்பட வேண்டாம். பாஸ்பேட்டுக்கு எதுவும் போடத் தேவையில்லை. ஜி.எஃப்.ஓ. போனதும் கல்லும் சாப்பாடும் சேர்ந்து ஏற்றிவிடும். 0.05-லிருந்து 0.1-க்குள் நிற்கட்டும். முடிப்பாசி இந்த நாட்களில் கொஞ்சம் துளிர்க்கும். அதைக் கையால் சமாளிக்கலாம், டைனோவை அப்படிச் சமாளிக்க முடியாது.

லைட்டை 8 மணி நேரமாக்கி, வெள்ளையை 20 சதவீதத்துக்கு இறக்குங்கள். பாசி சாகாது, வேகம் குறையும். டைனோவுக்காக 3 நாள் இருட்டடிப்பு பண்ணலாம், ஜோவாவும் லெதரும் தாங்கும். ஆனால் சத்து 0-வில் இருக்கும்போது இருட்டடித்தால் நாலாம் நாள் திரும்ப வரும். நைட்ரேட் 5-ஐத் தொட்ட பிறகு பண்ணுங்கள்.

உப்புமூட்டை:

டைனோவுக்கு யூ.வி. (தண்ணிய ஓட விட்டு அதுல இருக்கிற நுண்ணுயிரைக் கொல்ற புற ஊதா விளக்கு) போடலாமே? 18 வாட் போதும் இந்த அளவுக்கு.

அடையாறு_அலை:

வகையைப் பொறுத்தது. ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் மணலை விட்டுத் தண்ணீரில் மிதக்கும், அதற்கு யூ.வி. பிரமாதமாக வேலை செய்யும். பம்பை மட்டும் சம்பில் வைக்காமல் மேல் டேங்கிலிருந்தே இழுக்கணும், ஓட்டம் மெதுவாக இருக்கணும். ஆம்ஃபிடினியத்தின் பெரிய செல் வகை மணலை விட்டு எழுந்திருக்காது, அதற்கு யூ.வி. வெறும் கரன்ட் பில். 400 மடங்கு காட்டும் சாதாரண மைக்ராஸ்கோப் இருந்தால் போதும். கண்ணீர்த் துளி வடிவில், கூர்முனையை நங்கூரம் போட்ட மாதிரி வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுழல்வது ஆஸ்ட்ரியாப்சிஸ். வழுக்கிக்கொண்டு போவது ஆம்ஃபிடினியம். பார்க்காமல் வாங்க வேண்டாம்.

பிரயோப்சிஸ் இரண்டு பெராக்சைடுக்குப் பிறகும் வந்தால், டைனோ ஓய்ந்த பிறகு, அப்போது ஃப்ளூகோனசோல். மருந்துச் சீட்டில்லாமல் தரமாட்டார்கள், கால்நடை மருத்துவரிடம் கேட்கலாம். 1050 மி.கி. ஒரே தடவை. கீட்டோ (சத்தை உறிஞ்சச் சம்பில் வளர்க்கும் பாசி) வைத்திருந்தால் அதைத் தனிப் பக்கெட்டுக்கு மாற்றுங்கள், அதுவும் பச்சைப்பாசிதான். இரண்டு, மூன்று வாரம் கழித்து 25 சதவீதம் தண்ணீர் மாற்றி, கார்பன் போட்டு மருந்தை எடுத்துவிடுங்கள்.

நண்டுவளை:

செம்புக்கு. இனிமேல் செம்பில்லாத தண்ணீரில் 20 சதவீதம் வீதம் நாலு தடவை மாற்றினால், இருப்பதில் 41 சதவீதம்தான் மிஞ்சும். கூடவே சம்பில் பாலி-ஃபில்டர் பேட் ஒன்று ஓட்டம் உள்ள இடத்தில் வையுங்கள். செம்பு இருந்தால் பேட் நீலமாக மாறும், அதுவே உங்களுக்கு டெஸ்ட் கிட். புதுப் பேட் வைத்து நீலம் ஏறாத நிலை வந்த பிறகுதான் நத்தை.

நத்தையும் இந்தத் தடவை டர்போ வேண்டாம். கவிழ்ந்தால் தானாக நிமிரத் தெரியாது, மணலில் மல்லாந்து கிடந்தே சாகும். ட்ரோக்கஸ் நிமிர்ந்துகொள்ளும். முதலில் 2, மூன்று வாரம் உயிரோடு இருந்தால் இன்னும் 8. ட்ரோக்கஸ் 3 செ.மீ. முடியை மேயாது, அதற்கு 1 செ.மீ.க்குக் கீழே இருக்கும் குருத்துதான் வாயில் அகப்படும். அதனால்தான் பிடுங்குவது முதலில். டக்ஸீடோ அர்ச்சின் (கடல் முள்ளெலி) ஒன்று சேர்த்தால் கல்லையே சுரண்டும், ஒட்டாமல் வைத்த ஜோவாத் துண்டையும் தொப்பி மாதிரி தூக்கிக்கொண்டு அலையும், எல்லாவற்றையும் ஒட்டிவிடுங்கள். சீ ஹேர் (பாசி தின்னும் கடல் முயல்) இரண்டு வாரத்தில் டேங்கையே மொட்டையடிக்கும், பிறகு தின்ன ஒன்றுமில்லாமல் செத்து நஞ்சைக் கக்கும். பாசி தீர்ந்ததும் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் மட்டும், வேவ்மேக்கருக்கு (அலை உண்டாக்கும் பம்ப்) ஸ்பாஞ்ச் கவர் போட்ட பிறகு.

கீட்டோ_பந்து:

எல்லாம் அடங்கின பிறகு சத்தை வெளியே எடுக்க ஒரு ஸ்க்ரப்பர் வெச்சுக்கலாம். ஸ்மித்சோனியன்ல வால்டர் ஏடீ கொண்டுவந்த யோசனை, பாசியை நமக்கு வேண்டிய இடத்துல வளர விட்டுச் சுரண்டி எடுக்கறது. நீங்க தினம் போடுற ஒரு க்யூப் சாப்பாட்டுக்கு ரெண்டு பக்கமும் லைட் அடிக்கிற 7.5×10 செ.மீ. திரை போதும். எம்பிராய்டரி போடுற பிளாஸ்டிக் கேன்வாஸை ஹாக்சா பிளேடால சொரசொரன்னு கீறிக்குங்க. பி.வி.சி. பைப்புல 3 மி.மீ. பிளவு வெட்டி அதுல தொங்க விடுங்க. 7.5 செ.மீ. அகலத்துக்கு மணிக்கு 400 லிட்டர் ஓட்டம். வாரம் ஒரு தடவை குழாயடியில சுரண்டுங்க. நைட்ரேட் 5-க்கு வர்ற வரைக்கும் இதை ஆரம்பிக்காதீங்க, அடையாறு_அலை திட்டுவார்.

மூன்றடித்தொட்டி:

கடைசியாக ஒன்று. ஆர்.ஓ. மெஷினை மாற்றித்தான் ஆகணுமா? காப்பர் கார்ட்ரிட்ஜை மட்டும் கழற்றினால் போதாதா?

நண்டுவளை:

மெஷின் இருக்கட்டும், வீட்டில் குடிக்கிறார்களே. மெம்பிரேனிலிருந்து வெளியே வரும் குழாய், அந்த டி.டி.எஸ். வால்வுக்கும் காப்பர் கார்ட்ரிட்ஜுக்கும் போவதற்கு முன்பாக, கால் அங்குல டீ ஒன்று போட்டு, சின்ன வால்வ் வைத்துத் தனிக் குழாய் எடுங்கள். மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை. அந்தத் தண்ணீர் போர் டி.டி.எஸ். 900 என்றால் 30-40 காட்டும். அதன் பின்னால் நிறம் மாறும் டி.ஐ. ரெசின் (மிச்ச உப்புகளைப் பிடிக்கும் மணிகள்) நிரப்பிய 10 அங்குல ஹவுசிங், வெளியே 0 வரணும். முதல் 2 லிட்டரைக் கொட்டிவிட்டுப் பிடியுங்கள், நின்ற மெம்பிரேனில் டி.டி.எஸ். ஏறியிருக்கும், அது ரெசினை வீணாகத் தின்னும்.

ரெசின் முடியும் தறுவாயில் முதலில் நழுவுவது சிலிக்கேட் மாதிரி லேசாகப் பிடித்து வைத்தவை. அவை டி.டி.எஸ். மீட்டரில் சரியாகத் தெரியவும் தெரியாது. அதனால் 5, 10 வரட்டும் என்று காத்திருக்காமல் மீட்டர் 1 காட்டிய அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.